அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பிறகு

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், மறுமை நாள் வரை அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

  

ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் ஓதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஒரு தொழுகைக்கு 33 வீதம் ஒரு நாளில் 165 முறை அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிடுகிறீர்கள். தொழுகையில் ஓதும் ஃபாத்திஹா சூராவில் அதே புகழ்ச்சி. சாப்பிட்டு எழுந்தால் அல்ஹம்துலில்லாஹ். தும்மினால் அல்ஹம்துலில்லாஹ். "எப்படி பாய் இருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டால் அதற்கும் அல்ஹம்துலில்லாஹ். நாளொன்றுக்கு 200 முறையை எளிதாகத் தாண்டிவிடும். இந்த வாரம் உங்கள் முன் ஒரு கேள்வி வைக்கிறேன். நீங்கள் 200 முறை நன்றி சொன்ன அந்த நாளில், உங்கள் வீட்டாருக்கு, கடையில் வேலை செய்யும் பையனுக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு உங்களிடமிருந்து என்ன கிடைத்தது?

கேள்வி கொஞ்சம் கடினமாகத் தெரியலாம். ஆனால் இதைக் கேட்கச் சொல்வதே குர்ஆன்தான். ஸபஃ சூராவின் 13வது வசனத்தைப் பாருங்கள். தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாரைப் பார்த்து, நன்றியாகச் செயல்படுங்கள் என்ற கருத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நன்றி சொல்லுங்கள் என்றிருந்தால் நாவு போதும். செயல்படுங்கள் என்றால் கையும் காலும் பணப்பையும் அதில் சேர்ந்துவிடுகின்றன. தன் அடியார்களில் நன்றியுள்ளவர்கள் குறைவு என்று அந்த வசனத்தின் கடைசியில் அல்லாஹ்வே சொல்கிறான். அல்ஹம்துலில்லாஹ் சொல்பவர்கள் உலகில் குறைவா? இல்லை. வேறு ஏதோ குறைகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஷுக்ரைப் பற்றி எழுதும்போது, அதற்கு மூன்று பகுதிகள் உண்டு என்கிறார்கள். இல்மு, ஹால், அமல். நிஃமத் யாரிடமிருந்து வந்தது என்று அறிவது இல்மு. அந்த அறிவால் உள்ளத்தில் ஏற்படும் மகிழ்ச்சியும் பணிவும் ஹால். அந்தப் பணிவு உடலால் வெளிப்படுவது அமல். நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே ஒரு கால் வைத்து நின்றுவிடுகிறோம்.

வள்ளுஹா சூரா நமக்கெல்லாம் மனப்பாடம். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியது. அதன் அமைப்பை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களுக்கு மூன்று நிஃமத்களை அல்லாஹ் நினைவூட்டுகிறான். யதீமாக இருந்தீர்கள், ஒதுங்க இடம் தந்தான். வழி தேடி நின்றீர்கள், வழி காட்டினான். வசதியற்று இருந்தீர்கள், தன்னிறைவு தந்தான். உடனே மூன்று கட்டளைகள் வருகின்றன. யதீமை அடக்கி ஒடுக்காதீர்கள். கேட்டு வருபவரை விரட்டாதீர்கள். இறைவனின் அருட்கொடையை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் எந்த இடத்தில் தவித்து நின்றீர்களோ, அதே இடத்தில் இன்று தவித்து நிற்பவரிடம் மென்மையாக நடந்துகொள்ளுங்கள் என்பதுதான் இந்த வரிசை. நிஃமத்தை நினைவூட்டியவுடன் அல்லாஹ் கட்டளையிட்டது தனக்கு ஒரு தொழுகையை அல்ல. முதலில் ஒரு குழந்தையைக் கவனிக்கச் சொல்கிறான்.

இந்த வரிசை முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு நீண்ட ஹதீஸ் இருக்கிறது. பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த மூன்று பேர். ஒருவர் வெண்குஷ்டம் பிடித்தவர், ஒருவர் வழுக்கைத் தலையர், ஒருவர் பார்வையற்றவர். அல்லாஹ் ஒரு மலக்கை அனுப்பி மூவருக்கும் குணம் தந்தான். சினையுள்ள ஒட்டகம், சினையுள்ள மாடு, சினையுள்ள ஆடு என்று செல்வமும் தந்தான். அவை பெருகி மூவருக்கும் பட்டி பட்டியாக நிறைந்தன. பிறகு அதே மலக்கு, அவரவர் பழைய கோலத்தில் ஒரு வழிப்போக்கராக வந்து உதவி கேட்டார். முதலாமவர் என்ன சொன்னார்? எனக்கு நிறையப் பொறுப்புகள் இருக்கின்றன என்றார். நீ முன்பு குஷ்டரோகியாக இருந்தாயே என்று நினைவூட்டியபோது, இது எங்கள் பரம்பரைச் சொத்து என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் மட்டும், நான் பார்வையற்றவனாக இருந்தேன், அல்லாஹ் பார்வை தந்தான், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த முதல் இருவரும் கஞ்சர்கள் என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். நான் அதில் கஞ்சத்தனத்தைவிடப் பொய்யைத்தான் பெரிதாகப் பார்க்கிறேன். கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் அதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டியிருக்கிறது: வந்த வழியை அழிக்க வேண்டும். காரூனும் அதைத்தான் செய்தான். என்னிடமுள்ள அறிவால் கிடைத்தது என்றான். வந்த வழி நினைவில் இருக்கிறவரை ஒரு மனிதனால் எதிரில் நிற்பவரைத் துரத்த முடியாது. பார்வையற்றிருந்த அந்த மூன்றாமவரால் முடியவில்லை.

ஹவ்ளுக்கு வந்த தண்ணீர்

இப்போது ஒளூ செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு ரொட்டி நம் கைக்கு வந்து சேர எத்தனை பேருடைய உழைப்பு தேவை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். திருச்சிக்காரர்களான நமக்கு அந்தக் கணக்கைத் தண்ணீரில் போடுவது எளிது.

மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் முக்கொம்புக்கு வந்து காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீரைக் கிணறுகளில் சேகரித்து, கம்பரசம்பேட்டை போன்ற நீரேற்று நிலையங்களிலிருந்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றி, அங்கிருந்து தெருக்குழாய்க்கு விடுகிறார்கள். நாம் ஸுப்ஹுக்கு எழுவதற்கு முன்பே வால்வைத் திறக்க ஒருவர் எழுந்திருக்கிறார். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் உடைந்து வெள்ளத்தில் போனது நினைவிருக்கும். அப்போது ஆற்றுக்குள் இறங்கி இரவு பகலாக மணல் மூட்டைகளை அடுக்கியவர்கள் கூலித் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்ற கருத்தில் வரும் ஹதீஸை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்திருக்கிறார்கள். அல்லாஹ் தன் நிஃமத்தை ஆட்களின் கைகளில் கொடுத்து அனுப்புகிறான். கொண்டுவந்தவரை வாசலில் வைத்துத் திட்டிவிட்டு, அனுப்பியவனுக்கு உள்ளே போய் நன்றி சொன்னால் அது எப்படி இருக்கும்? இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை என்றால் வால்வு திறப்பவரை நாம் பேசும் பேச்சு நமக்கே தெரியும். 363 நாள் வந்ததற்கு என்ன பேசினோம்?

மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்த ஒருவர் இரவில் இறந்துபோனார். ஒரு பெண்மணி என்று அறிவிப்புகளில் வருகிறது. இதைப் போய் நபி (ஸல்) அவர்களிடம் சொல்வானேன் என்று நினைத்து ஸஹாபாக்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணாமல் விசாரித்தது நபி (ஸல்) அவர்கள்தான். எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே நின்று அவருக்காகத் தொழுதார்கள். பள்ளிவாசல் சுத்தமாக இருப்பதைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்வது ஒன்று. சுத்தம் செய்தவரைக் காணவில்லையே என்று தேடுவது இன்னொன்று. நம் பள்ளிகளில் மோதினாரின் சம்பளத்தைப் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் ஜும்ஆ நேரம் போதாது. நிர்வாகிகள் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளட்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை ஸுன்னத்தான நன்றி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளூ செய்தார்கள் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. இன்றைய அளவில் ஒரு லிட்டருக்கும் குறைவு. திருச்சிக்கு அருகில் எடுக்கும் இதே ஆற்றுநீர்தான் குழாய் வழியாக ராமநாதபுரம் மாவட்டம் வரை போகிறது. குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளூ செய்யும்போது கடைமடையில் குடத்தோடு நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கம் பார்த்து அளக்கும் நன்றி

இங்கே சிலருக்கு ஒரு தயக்கம் வருவதுண்டு. உதவி செய்தவர் நம் மார்க்கத்தவர் இல்லையென்றால்?

தாயிஃப் நகரத்தார் கல்லால் அடித்துத் துரத்திய பிறகு நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குத் திரும்புகிறார்கள். யாராவது ஒரு தலைவர் அபயம் தந்தால்தான் ஊருக்குள் நுழைய முடியும். முத்இம் பின் அதீ என்பவர் தந்தார். அவர் முஸ்லிம் இல்லை. கடைசிவரை இஸ்லாத்தை ஏற்கவும் இல்லை. பத்ருப் போருக்கு முன்பே இறந்தும் போனார். பத்ரில் எதிரிகள் 70 பேர் கைதிகளாகப் பிடிபட்டார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் கருத்து: முத்இம் இன்று உயிரோடு இருந்து இவர்களுக்காக என்னிடம் பேசியிருந்தால், அவருக்காக இவர்கள் அத்தனை பேரையும் விட்டிருப்பேன். இது புகாரியில் இருக்கிறது. நான் இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் வியப்பது அந்த நேரத்தைப் பார்த்துத்தான். வெற்றி பெற்ற நேரம். பழையதை மறக்க மிகவும் வசதியான நேரம்.

நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1950இல் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மரக்காயர் வீட்டுப் பிள்ளை திருச்சி தூய வளனார் கல்லூரிக்குப் படிக்க வந்தார். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் நாம் பார்க்கும் அதே ஜோசப் காலேஜ்தான். விடுதி அறையில் அவரோடு தங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, மற்றவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களைத்தான் சொல்கிறேன். தன் வாழ்க்கை வரலாறான அக்னிச் சிறகுகளில், மூவரும் சந்தோஷமாக இருந்த அந்த நாட்களை எழுதியிருக்கிறார். தனக்கு இயற்பியல் சொல்லித்தந்த சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி ஆகியோரையும், ஆங்கிலம் சொல்லித்தந்த பாதிரியார் செக்வேராவையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்திருக்கிறார். தன் பேச்சுகளில் கணிதப் பேராசிரியர் தோதாத்ரி ஐயங்காரைப் பற்றிச் சொல்லாமல் விட்டது அரிது. ராக்கெட் விட்ட பிறகும், ராஷ்டிரபதி பவனுக்குப் போன பிறகும் அந்தப் பெயர்கள் அவர் நாவிலிருந்து இறங்கவில்லை.

கலாம் அவர்களின் அமல்களை எடை போட்டுப் பேசுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தத் தராசு நம் கையில் கொடுக்கப்படவில்லை. அதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டு, நமக்குத் தெரிந்த நல்லதைப் பார்ப்போம். உங்களோடு மார்க்கத்துக்காகப் போரிடாத, உங்களை ஊரைவிட்டுத் துரத்தாத மக்களிடம் நன்மையாகவும் நீதியாகவும் நடப்பதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பது மும்தஹினா சூராவின் 8வது வசனம் தரும் கருத்து. உங்கள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தந்த டீச்சர், பிரசவ நேரத்தில் ஓடிவந்த எதிர்வீட்டு அம்மா, ரத்தம் கொடுத்த பெயர் தெரியாத தம்பி, இவர்களெல்லாம் உங்கள் முத்இம்கள். ஒரு போன் செய்து நலம் விசாரிப்பதில் நம் ஈமானுக்குக் குறைவு வந்துவிடாது.

அந்த நன்றி மற்றவர்களிடம் அன்பாக மாறிய இடத்தையும் சொல்ல வேண்டும். 2002 ரமளானில் ராஷ்டிரபதி பவனில் வழக்கமான இஃப்தார் விருந்துக்கு ஏற்பாடு செய்யும் பேச்சு வந்தது. வரப்போகிறவர்கள் எல்லோரும் தினமும் நன்றாகச் சாப்பிடுபவர்கள்தானே, இதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். 22 லட்சம் ரூபாய் அளவில் ஆகும் என்றார்கள். அதை யதீம்கானாக்களுக்கு உணவுப் பொருளாகவும் கம்பளியாகவும் கொடுத்துவிடச் சொன்னார். அது அரசுப் பணம், என் பங்கு இது என்று சொந்தப் பணத்தில் ஒரு லட்சத்துக்குக் காசோலை தந்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் பிறகு எழுதியதால்தான் இது நமக்குத் தெரியும். உணவளித்துவிட்டு, உங்களிடம் கூலியையோ நன்றியையோ நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று இருப்பவர்களை இன்ஸான் சூரா புகழ்கிறது. நன்றி நாம் செலுத்த வேண்டியது. வசூலிக்க வேண்டியதல்ல.

அக்காவின் வளையல்

கலாம் அவர்களின் வாழ்க்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. எனக்கு இன்று முக்கியமாகப் பேச வேண்டியது அதுதான். திருச்சியில் 1954இல் படிப்பை முடித்துவிட்டு சென்னை எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தது. சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்டுத் தருவேன் என்று தம்பி அன்றே உறுதி எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார்.

இப்படி அக்காவின் வளையலில் படித்த தம்பிகள் நம் ஜமாஅத்களில் எத்தனையோ பேர். அக்காவின் நகையில் விசா வாங்கி வளைகுடா போனவர்கள் எத்தனையோ பேர். அத்தா மவ்த்தான பிறகு என்ன நடக்கிறது? அக்காவை அழைத்து, பிரியாணி போட்டு, ஒரு புடவையும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். "அக்கா தங்கமானவங்க, எதுவும் வேணாம்னுட்டாங்க" என்று வெளியே சொல்கிறோம். தன் பங்கு எவ்வளவு என்று அந்த அக்காவுக்கு யாராவது சொன்னீர்களா? கையில் கொடுத்த பிறகு அவர் திருப்பித் தந்தாரா? கூடப்பிறந்தவனிடம் கேட்டால் பிறந்தவீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் போட்ட கையெழுத்துக்கு மனப்பொருத்தம் என்று பெயரா?

"கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்பார்கள். அத்தா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கில் கழியாது. கழிப்பதென்றால் உங்கள் காலேஜ் ஃபீஸையும் கழிக்க வேண்டியிருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் தன் மனைவி கதீஜா (ரலி) அவர்களுக்குச் செலுத்திய நன்றியைப் பாருங்கள். அந்த அம்மையார் தன் செல்வத்தைத் தந்தார்கள், ஊரே பொய்ப்பித்தபோது நம்பினார்கள். அவர்கள் மறைந்து பல வருடங்கள் கழித்தும், மதீனாவில் ஆடு அறுத்தால் துண்டுகளாக்கி கதீஜாவின் தோழிகளைத் தேடி அனுப்புவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இறந்துபோனவருக்கான நன்றி, உயிரோடு இருக்கும் தோழியின் வீட்டில் கறியாகப் போய்ச் சேருகிறது. நம் அக்காவோ உயிரோடு இருக்கிறார். நாம் அனுப்ப வேண்டியது கறிகூட அல்ல, அன்பளிப்பும் அல்ல. அவருடைய ஹக்கு. நிஸா சூராவில் அல்லாஹ் கணக்குப் போட்டுக் கொடுத்த பங்கு.

எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு மவ்த்தாகிறார். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக 32 லட்சம் ரூபாய் மிச்சம். எட்டில் ஒரு பங்கு மனைவிக்கு, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு இரண்டு மடங்கு, மகளுக்கு ஒரு மடங்கு. அப்படியானால் மகனுக்கு 14 லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு 7 லட்சம். இடமாக இருந்தாலும் இதே விகிதம்தான். வீட்டை விற்க முடியாத நிலை என்றால் மதிப்புப் போட்டு, அவர்கள் சம்மதத்தோடு தவணையில் கொடுங்கள். கொடுத்த பிறகு அக்கா மனமுவந்து திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஹலால். கொடுப்பதற்கு முன் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்துவிட முடியாது. ஆனால் மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்கும் சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ஸதகா கடமை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மூட்டுகள் 360 என்று முஸ்லிமில் ஓர் அறிவிப்பு வருகிறது. வலியில்லாமல் மடங்கி நீளும் ஒவ்வொரு மூட்டும் ஒரு நிஃமத். அதற்கான நன்றியாக அவர்கள் எண்ணிக்காட்டியவை: இருவருக்கிடையே நியாயமாக நடப்பது, ஒருவரை வாகனத்தில் ஏற்றிவிடுவது, ஒரு நல்ல வார்த்தை, பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது. இன்று ஜும்ஆ முடிந்து வெளியே போகும்போது, அடுத்த வீட்டு கேட்டை மறித்து நிற்கும் உங்கள் பைக்கை முதலில் எடுங்கள். ஒரு மூட்டுக்கான கணக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

நமக்குக் கல்வி தந்தவர்கள், தண்ணீர் தந்தவர்கள், நமக்காக நகையைக் கழற்றியவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! அவர்களில் நம்மைவிட்டுப் பிரிந்த முஃமின்களின் கப்ரை ஒளியாக்குவானாக! மற்றவர்களின் பிள்ளைகளுக்கு நாம் நன்மை செய்யும் வாய்ப்பைத் தருவானாக! ஆமீன்.

ஒரு அறிவிப்பு. பாகப்பிரிவினையில் சந்தேகம் உள்ளவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் என்னைப் பார்க்கலாம். வெளியூரில் இருந்து வாசிப்பவர்கள் உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேளுங்கள். வரும்போது சொத்து விவரத்தோடு, வாரிசுகள் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பெண்மக்களின் பெயரையும் சேர்த்து.